பாலம் தாண்டி வரும் கரண்டு

மாகாண மந்திரி ரேடியோவில் வாயைத் திறந்தபோது திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. மாவிஸ் டாகெட்டின் சிங்கி இறால் கிட்டங்கியில் ஆறு பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நம் மீனுக்கு வரி. நம் மரத்துக்கு வரி. பொறுத்தது போதும். நாளை மதியம் பன்னிரண்டு மணி முதல் மாலை ஆறு வரை, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கிழக்குக் கரைக்கு நாம் அனுப்பும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்படும். இது வெறும் மாதிரிதான். வாஷிங்டன் புரிந்துகொள்ளட்டும்!"

"போடு!" என்று கத்தினான் எல்வுட். மாவிஸின் தம்பி. நாற்பத்தாறு வயசு, கன்னத்துக்குள் எப்போதும் மெல்லுவதற்கு ஒரு துண்டு உப்புக் கடற்பாசி. "ஆறு மணி நேரம் வேகட்டும் பயலுங்க! ஐஸ்கிரீமெல்லாம் உருகி ஓடட்டும்!"

மாவிஸும் கைதட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்? மார்ச் மாதத்திலிருந்து அந்த வரி அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு தட்டியிருப்பாள். மூன்றாவது தட்டுக்குக் கை போகவில்லை.

தொட்டிகளுக்கு அடியில் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. இருபது வருஷமாக அந்த உறுமல் அவள் காதில் ஏறியதே இல்லை. இப்போது ஏறியது.

"எல்வுட், நம்ம கரண்டு எங்கேருந்துடா வருது?"

"கம்பியிலேருந்து."

"கம்பி எங்கேருந்து வருது?"

எல்வுட் பாசி மெல்வதை நிறுத்தினான்.

விட்மோர் தீவு கனடாவுக்குச் சொந்தம். கொடி, போலீஸ், பள்ளிக்கூடம், தபால்தலை எல்லாம் கனடா. ஆனால் தீவிலிருந்து கிளம்பும் ஒரே பாலம் அமெரிக்காவில் போய் இறங்குகிறது. பல்டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால்கூட அமெரிக்காவுக்குள் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி எல்லை தாண்டி, கனடாவுக்குள் நுழைய வேண்டும். கரண்டுக்கும் அதே பயணம். மாகாணத்து அணையில் பிறக்கும், எல்லை தாண்டி மெய்னுக்குப் போகும், அங்கே ஒரு மின் கூட்டுறவுச் சங்கத்தின் கம்பியில் ஏறிக் கிழக்கே ஓடும், பாலத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொந்த நாட்டுக்குள் வரும்.

மந்திரி வெட்டப்போவது அந்தக் கம்பியைத்தான்.

கிட்டங்கியில் ஆறு தொட்டி, எட்டு டன் சிங்கி, எல்லாம் உயிரோடு. ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்துக்கு லாரி புதன்கிழமை காலைதான் வரும். பம்பு நின்றால் தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும். இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் மூச்சு முட்டிச் சாகும். பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது எட்டுப் படகுக்காரர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சரக்கு அது. செத்தால் அடுத்த பருவத்தில் ஒருத்தன்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். கிட்டங்கிக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

சொந்த ஜெனரேட்டர் ஜனவரிப் புயலில் செத்துப்போயிருந்தது. புதுசு இன்னும் வந்துசேரவில்லை.

மாவிஸ் போனை எடுத்தாள்.

"வணக்கம், மாகாண மின்வாரியம். உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க மேடம்."

"எண்ணெல்லாம் கிடையாதும்மா. எங்களுக்கு பில்லு மெய்ன்லேருந்து வருது."

"அப்ப நீங்க எங்க வாடிக்கையாளர் இல்லை மேடம்."

"கரண்டு உங்களோடது!"

"மெய்ன்ல இருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. ஏற்றுமதிப் பிரிவுக்கு மாத்தறேன், லைன்லயே இருங்க."

இருந்தாள். இருபத்தைந்து நிமிஷம் ஒரே பிடில் வாசிப்பு. கடைசியில் ஒரு ஆண்குரல் வந்தது.

"தகராறு முடியற வரைக்கும் வெளிநாட்டு உபயோகிப்பாளர்கள்கிட்ட பேசக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு, மேடம்."

"யோவ், நான் கனடாக்காரிய்யா! உனக்கு வரி கட்டறவ!"

"குரலை உயர்த்தாதீங்க. இது ரெண்டு நாடு சம்பந்தப்பட்ட விஷயம்."

அடுத்து மெர்ல் பீல். கூட்டுறவுச் சங்கத்தின் லைன் மேஸ்திரி. மாவிஸின் தங்கை லோயிஸைக் கட்டியவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவள் வீட்டு மீன் சூப்புக்குக் குடும்பத்தோடு ஆஜராகிவிடுவான்.

"மாவிஸ், ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது."

"முதல்ல சொல்லு. திட்டறது என் பாடு."

"மூணுல ஒரு பங்குதான் வரும்னா நாங்களும் எங்கேயாவது வெட்டித்தானே ஆகணும்? ஆஸ்பத்திரி லைன்ல கை வைக்க முடியாது. இப்பதான் போர்டு கூடிச்சு. அஞ்சே நிமிஷம். தீவு லைனை வெட்டறதுன்னு முடிவு."

"ஆறு மணி நேரமுமா?"

"ஆறும். 'வெட்டச் சொன்னது அவங்க மந்திரி, அவங்களே அனுபவிக்கட்டும்'னு சிரிச்சாங்க."

"நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"வாயைத் திறந்தா பொண்டாட்டி ஊருக்குப் பரிஞ்சு பேசறான்னு சொல்வாங்க."

"பரிஞ்சு பேசினா என்ன குறைஞ்சு போயிடுவே? சூப்பு குடிக்கறப்ப மட்டும் இது பொண்டாட்டி ஊருன்னு தெரியுதோ?"

மெர்ல் தொண்டையைக் கனைத்தான். "வாடகை ஜெனரேட்டர் ஒண்ணு இருக்கு. பெரிசு. ரெண்டு மணிக்குள்ள பாலத்துக்கு இழுத்துட்டு வந்துடறேன். போதுமா?"

சொன்னபடியே இரண்டு மணிக்கு இழுத்து வந்தான். பாலத்தின் தீவுப் பக்கத்துச் சுங்கச் சாவடியில் தடுப்புக்கட்டை மேலே போகவில்லை. சாவடியில் இருந்தவன் பள்ளிக்கூடத்தில் மாவிஸுக்கு இரண்டு வகுப்பு பின்னால் படித்தவன்.

"அமெரிக்க இயந்திரம், மாவிஸ். நம்ம பதில் வரிப் பட்டியல்ல இருக்கு. தற்காலிக அனுமதிச் சீட்டு வேணும், ஏஜென்ட் கையெழுத்தோட. நாளைக்குப் பத்து மணிக்கு மேல ஆகும்."

"என் கிட்டங்கி அதோ தெரியுது பார்றா. நானூறு அடி."

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரிய மாட்டேங்குதே!"

பாலத்தின் மேலேயே ஜெனரேட்டர் வண்டி நின்றது. மெர்ல் அதன்மேல் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்றான். மாவிஸ் மந்திரி அலுவலகத்துக்கு ஒன்பதாவது முறையாகச் செய்தி விட்டாள். மூன்றரைக்கு அங்கிருந்தே கூப்பிட்டார்கள்.

"நான் பாஸ்கல் கோர்மியே. மந்திரியோட உதவியாளர்." இளம் குரல், வெண்ணெய் மாதிரி. "கவலைப்படாதீங்க மேடம். உங்க தீவுக்கு எந்தப் பாதிப்பும் வராது. கடலுக்கடியில கேபிள் இருக்கே."

"எந்தக் கேபிள்?"

"வரைபடம் என் முன்னாடிதான் இருக்கு. நீலக் கோடு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே தொடங்கி வெச்சிருக்காங்க."

"தொடங்கி வெச்சாங்க தம்பி. ரிப்பன் வெட்டினாங்க, கேக்கு சாப்பிட்டாங்க, போயிட்டாங்க. கல்வெட்டு இன்னும் படித்துறையில நிக்குது. கடல்காக்கா உக்காந்து எச்சம் போடுது. கேபிள் அந்தக் கல்லைத் தாண்டி ஒரு அடிகூடப் போகலை."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். இன்று முழுக்க அவள் சொன்னதைக் காதில் வாங்கி யோசித்த முதல் ஆள் இவன்தான்.

"அப்படின்னா நீங்க தப்பான பட்டியல்ல இருக்கீங்க மேடம்," என்றான் பாஸ்கல் கடைசியில். "ஏற்றுமதிப் பட்டியல்லேருந்து எடுத்து உள்நாட்டுப் பட்டியல்ல போட்டுடறேன். தீவோட பங்கை நாங்க தனியா அனுப்பிடுவோம். கூட்டுறவுச் சங்கம் அதுல கை வைக்கக்கூடாதுன்னு தாள் போயிடும். கோரிக்கையை உங்க பேர்ல பதிஞ்சுக்கட்டுமா?"

"யார் பேர்ல வேணா பதிஞ்சுக்கோ. கரண்டு நிக்கக்கூடாது."

"இனிமே அந்த ஏற்றுமதி வெட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை மேடம்."

ஐந்து மணிக்கு மெர்லே உறுதி செய்தான். "தாள் வந்தாச்சு. தீவு லைனைத் தொடக்கூடாதாம். போர்டுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. இந்த ஜெனரேட்டரை என்ன பண்றது? பாலத்துலயே நிக்கட்டுமா?"

"திருப்பி இழுத்துட்டுப் போ."

"நிச்சயமாவா?"

"மந்திரி ஆபீசே சொல்லிட்டான் மெர்ல். போ."

அன்று அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ரேடியோ மறுபடி முழங்கியது. வாஷிங்டன் இறங்கி வந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் மூன்று வாரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிறார்களாம். இன்றைய மின்வெட்டு ரத்து. "இது நம் மாகாணத்தின் வெற்றி!"

எல்வுட் ஒரு பீர் டப்பாவை உடைத்தான். "பாத்தியாக்கா? நேத்து முழுக்க நீ போட்ட கூச்சலுக்கு வெட்டே நின்னுபோச்சு!"

மாவிஸ் சிரித்தபடி கையுறையை மாட்டிக்கொண்டாள். நாளைய லாரிக்குப் பெட்டி பிரிக்கும் வேலை குவிந்து கிடந்தது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பம்புகள் நின்றன.

கிட்டங்கியில் அப்படியொரு அமைதியை அவர்கள் யாரும் கேட்டதில்லை. குழாய் வாயிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எட்டு டன் சிங்கியும் மேலோடு உரசிக்கொண்டு நகரும் கிறீச் சத்தம் கேட்டது.

"ஃபியூஸ் போயிருக்கும்," என்றான் எல்வுட்.

மாவிஸ் வாசலுக்கு ஓடினாள். தபால் நிலையத்து விளக்கு இல்லை. பெட்ரோல் கடைப் பலகை இல்லை. ஜலசந்திக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கரையில், ஐஸ்கிரீம் கடையின் சிவப்பு விளக்குக் கூம்பு மட்டும் பட்டப்பகலில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"தொட்டியைத் திறந்து விடவா?" எல்வுட் மதகுச் சக்கரத்தில் கை வைத்துவிட்டான்.

"மடையா, வெளியே பாரு! ஓதம் ஏறி நிக்குது!"

ஃபண்டி விரிகுடாவின் ஓதம் மூன்றாள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது கடல் தொட்டிகளைவிட உயரத்தில் நிற்கும். மதகைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகாது. பம்பு போட்டுத்தான் வடிக்க வேண்டும். காற்றில்லாத தண்ணீரில் விட்டால் சிங்கி சாகும். வெளியே எடுத்து ஈரச் சாக்குப் போர்த்தினால் ஒரு நாள்கூடத் தாங்கும். எடுப்பதற்குத்தான் வழி வேண்டும். பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் கரண்டு வேண்டுமே! பெட்டி ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. மொத்தம் இருநூறு பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, தண்ணீருக்கடியில்.

"கையால தூக்குங்கடா! ஒண்ணாம் தொட்டியிலேருந்து வரிசையா! ஐஸ் இருக்கற வரைக்கும் போடுங்க. கடையில, வீட்டுல யார் இருந்தாலும் கூப்பிடுங்க!"

மெர்லுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சரக்கு வண்டியில் ஏறிப் பாலத்துக்கு விரட்டினாள்.

பாலத்தின் அந்த முனையில் அமெரிக்கச் சுங்கம். முன்னால் இரண்டு லாரி. சமாதானம் ஆகிவிட்ட சேதி ரேடியோவுக்கு வந்துவிட்டது, சாவடிக்கு வரவில்லை போலிருக்கிறது. லாரியிலிருந்த ஒவ்வொரு பெட்டியையும் இறக்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கட்டைக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரத்தில், மெர்ல் தெரிந்தான். தூக்குக்கூடையில் நின்று கம்பியோரத்து மரக்கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தான். மாவிஸ் ஹாரனை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

மெர்ல் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு மறுபடி ரம்பத்தைப் போட்டான்.

ஐம்பது நிமிஷம். பிறகு இவள் முறை.

"அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா மேடம்?"

"கோபம்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லைன்னேன்."

மெர்லின் வண்டியருகே அவள் இறங்கியபோது மணி ஒன்று பத்து. அவன் கூடையை இறக்கிக்கொண்டே கேட்டான்: "அங்கே என்ன வேலை நடக்குது, பம்பு மாத்தறியா?"

"நான் பம்பு மாத்தறேனா?"

"நீதானே லைனை நிறுத்தச் சொல்லியிருக்கே?"

வண்டிக்குள்ளிருந்து, அன்று காலையில் வந்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். மாகாண மின்வாரியத்தின் முத்திரை. மாவிஸ் நின்றபடியே படித்தாள். உள்நாட்டு மின்தடை அறிவிப்பு. இடம்: விட்மோர் தீவு. நேரம்: பகல் பன்னிரண்டு முதல் மாலை ஆறு. காரணம்: திட்டமிட்ட பணி. கோரியவர்: மாவிஸ் டாகெட்.

இரண்டு முறை படித்த பிறகு புரிந்தது. பாஸ்கல் சொன்னதைச் செய்திருந்தான். ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து தீவை எடுத்து உள்நாட்டுப் பட்டியலில் ஒட்டியிருந்தான். ஒட்டும்போது பன்னிரண்டு முதல் ஆறு என்ற நேரமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்நாட்டுப் பட்டியலில் ஒரு பெயரும் ஒரு நேரமும் இருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அந்த நேரத்தில் அங்கே கரண்டை நிறுத்து. பதினொன்றரைக்கு ரத்து ஆனது ஏற்றுமதி வெட்டு. அதற்கும் இவளுக்கும்தான் சம்பந்தமே இல்லையே!

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா மெர்ல்?"

"லோயிஸ்தான் வேணாம்னா. அக்கா நேத்திலேருந்து கொதிச்சிட்டிருக்கா, இன்னைக்கு அவ கண்ணுலயும் படாதே, காதுலயும் விழாதேன்னு சொன்னா."

"சுவிட்சைப் போடு."

"முடியாது மாவிஸ்."

"என்னது?"

பக்கத்துக் கம்பத்தில் நெஞ்சுயரத்தில் இரும்புக் கைப்பிடி, அதுதான் தீவு லைனின் சுவிட்ச். அதில் பூட்டு. பூட்டில் கம்பி கோத்து ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. மெர்ல் அதைத் தொடாமல் காட்டினான். எல்லைக்கு இரண்டு பக்கமும் லைன்மேன்களுக்கு இது வேதம். அட்டை தொங்குகிறதென்றால் எங்கோ ஒருத்தன் அந்தக் கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அதில் கை வைத்திருக்கலாம். அட்டையில் யார் பெயரோ அவர் சொல்லாமல் அதை யாரும் கழற்றக்கூடாது. மெர்லோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தனை, அவன் அட்டையை இன்னொருத்தன் கழற்றியதால், கம்பத்திலிருந்து பிணமாகக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். இறக்கியவர்களில் மெர்லும் ஒருவன்.

"அதுல என் பேர்தானே போட்டிருக்கு?"

"பேர் உன்னோடது. தாள் வாரியத்தோடது. அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நொடி போட்டுடறேன்."

வாரியத்துக்கு அடித்தாள். இந்த முறை பிடில் பத்து நிமிஷத்தோடு நின்றது.

"மின்தடையை ரத்து பண்ணணுமா? கோரியவரே பேசறீங்களா? ரொம்ப நல்லது. உங்க வாடிக்கையாளர் எண்?"

மாவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "கிடையாது."

"எண் இல்லாம கோரிக்கையை ரத்து பண்ண முடியாது மேடம்."

"எண் இல்லாம கோரிக்கையை மட்டும் எப்படிய்யா வாங்கினீங்க?"

"அது மந்திரி அலுவலகம் மூலமா வந்திருக்கு. அவங்க மூலமாத்தான் ரத்தும் வரணும்."

மந்திரி அலுவலகத்தில் பதிவுக்குரல். வெற்றியைக் கொண்டாடும் மதிய விருந்தில் எல்லாரும் இருக்கிறார்களாம், செய்தியை விடச் சொன்னது. மாவிஸ் விட்ட செய்தியை இங்கே எழுத முடியாது.

ஒன்று ஐம்பதுக்கு எல்வுட் கூப்பிட்டான். மூச்சு இரைத்தது. "மூணு தொட்டி காலி பண்ணிட்டோம்கா. பாதிரியாரே வந்து பெட்டி தூக்கறாரு. நாலுலயும் அஞ்சுலயும் மேல்பெட்டிங்க தேவலை. ஆறாவதுக்கு இன்னும் ஆளே போகலை. ஐஸும் தீந்துபோச்சு. எப்ப வரும் கரண்டு?"

"தூக்கிட்டே இரு."

போனை வைத்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மெர்லைப் பார்த்தாள். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"மெர்ல், இந்தக் கம்பியில இப்ப யாராவது கை வெச்சிருக்காங்களா?"

"இல்லை."

"எப்படித் தெரியும்?"

"தீவுல லைன்மேனே கிடையாதே. இருக்கறது நான் ஒருத்தன். நான் இங்கே நிக்கறேன்."

"வேலை நடக்குதுன்னு சொன்னது யாரு? தாள்படி நான். வேலை முடிஞ்சுபோச்சு, கம்பியில யாரும் இல்லைன்னு இப்ப சொல்றதும் நான். உன் வேதத்துல இதுக்கு மேல வாரியம்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

மெர்ல் அட்டையில் இருந்த பேரை இன்னொரு முறை படித்தான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்து, வாரை இறுக்கினான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"அட்டைக்குப் பின்னால எழுது. 'கம்பியில் ஆள் இல்லை.' நேரம் போடு. கையெழுத்துப் போடு. போர்டு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். கழட்டறது உன் கையா இருக்கணும்."

எழுதினாள். இரண்டு மணி ஆறு நிமிஷம். கம்பி முறுக்கு இறுகிக் கிடந்தது, நகம் பிய்ந்தது, அட்டை கையில் வந்தது. மெர்ல் பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் கைப்பிடியை ஏற்றி அடித்தான். மேலே டப்பென்று ஒரு சத்தம். ஜலசந்திக்கு அப்பால் தபால் நிலையத்து விளக்கு எரிந்தது.

திரும்பும்போது தீவுச் சாவடியில் பழைய பள்ளித்தோழன் குனிந்து பார்த்தான். "அந்தப் பக்கம் ஏதாவது வாங்கினியா மாவிஸ்?" அவள் பார்த்த பார்வையில் தடுப்புக்கட்டை தானாகவே ஏறியது.

கிட்டங்கியில் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. தரை முழுக்க ஈரச் சாக்கு, நடுவே பெட்டிகள், சுவரோரம் சட்டையெல்லாம் நனைந்துபோய்ச் சாய்ந்திருக்கும் பாதி ஊர். மாவிஸ் சாக்கை விலக்கி ஒரு சிங்கியை முதுகைப் பிடித்துத் தூக்கினாள். உயிர் இருந்தால் வாலை உள்ளுக்குச் சுருட்டி அடிக்கும். அடித்தது. அடுத்ததும் அடித்தது. முதல் மூன்று தொட்டிச் சரக்கும் பிழைத்துவிட்டது. நாலிலும் ஐந்திலும் அடிப்பெட்டிகளில் பாதி போயிருந்தது.

ஆறாவது தொட்டியில் கை விட்டாள். தூக்கினாள். வால் துணி மாதிரி தொங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டு, பதினைந்து என்று தூக்கிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஆறாவது வெண்டல் குக்ஸனோடது," என்றான் எல்வுட் மெதுவாக. "முழுக்க அவரோடதுதான்."

"தெரியும்."

நாலரைக்கு வெண்டலின் படகு வந்தது. அறுபது வயசு, குறைவாகப் பேசுகிற மனுஷன். விடிகாலையில் கடலுக்குப் போனவர். படித்துறையிலேயே அவரை மடக்கி மாவிஸ் சொல்லிவிட்டாள், சுற்றி வளைக்காமல். ஆறாவது தொட்டி போய்விட்டது, மொத்தமும்.

வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எப்படி?"

"கரண்டு போச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல."

"கரண்டா? இப்பதான் படகுல கேட்டுட்டு வர்றேன். இந்தச் சண்டையில நம்ம மாகாணத்துல ஒரு வீட்டுலகூட ஒரு நிமிஷம் விளக்கு அணையலைன்னு மந்திரி சொன்னாரே!"

"தீவுல போச்சு."

"வெட்டுதான் ரத்தாச்சே. அப்புறம் யார் நிறுத்தினது?"

மாவிஸ் வாயைத் திறந்தாள். கேபிள், கல்வெட்டு, நீலக் கோடு, இரண்டு பட்டியல், பாஸ்கல். எந்த முனையிலிருந்து ஆரம்பித்தாலும் கதை கட்டுகிறவள் மாதிரிதான் இருக்கும்.

"தாள்ல என் பேர்தான் இருக்கு," என்றாள்.

அப்போது பார்த்து அவள் போன் அலறியது.

"பாஸ்கல் பேசறேன் மேடம்! உங்க செய்தி கிடைச்சது, கொஞ்சம் காரசாரமாவே. ரொம்ப வருத்தம். உடனே ஒரு புகார் பதிஞ்சுக்கறேன், உங்க பேர்லயே போட்டு—"

"வேணாம்!" அவள் போட்ட சத்தத்தில் படித்துறைக் கடல்காக்கைகள் எழும்பின. "தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எந்தத் தாள்லயும் என் பேரை எழுதாதே."

"ஆனா மேடம், நிறுத்திவெச்சிருக்கறது மூணு வாரத்துக்குத்தான். மறுபடி வெட்டு வந்தா உங்களை எந்தப் பட்டியல்ல—"

துண்டித்தாள்.

வெண்டல் இன்னும் அங்கேயேதான் நின்றார். திரும்பித் தன் படகைப் பார்த்தார். மேல்தட்டில் இன்று பிடித்த பதினொரு பெட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஜலசந்திக்கு அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். அங்கேயும் கிட்டங்கி இருக்கிறது. எடுத்துப்போனால் வரி இல்லையென்று யார் சொல்வது? ரேடியோவா?

"திட்டுங்க வெண்டல்," என்றாள் மாவிஸ். "வாயில வர்றதைச் சொல்லித் திட்டிடுங்க."

"திட்டி?" ஒரு பெட்டியின் கயிற்றுப் பிடியைப் பற்றி இழுத்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இதை எங்கே கொண்டுபோவேன் நான்? எந்தத் தொட்டியில போடணும்னு சொல்லு."

"மூணாவதுல."

மறுமுனையை மாவிஸ் பிடித்தாள். இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இன்னும் பத்துப் பெட்டி இருந்தது.